கடனுக்கு முன்னால் ஒரு கையெழுத்து

திருச்சியிலிருந்து மதுரை போகும் நான்கு வழிச் சாலையில் விராலிமலையை நெருங்க நெருங்க, இரண்டு பக்கமும் மனைப்பிரிவுகள் தொடங்கிவிடுகின்றன. நுழைவாயிலில் ஒரு வளைவு, உள்ளே வண்ணம் அடித்த எல்லைக் கற்கள், வாசலில் ஒரு பலகை: ‘வங்கிக் கடன் வசதி உண்டு’. முருகனுக்கும் மயிலுக்கும் பேர்போன இந்த ஊர் இன்று வேலை தரும் ஊராகவும் ஆகிவிட்டது. ஐ.டி.சி.யின் உணவுப் பொருள் ஆலை இங்கே இருக்கிறது. திருச்சி பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த பட்டறைகளும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. வேலைக்கு வந்தவர்கள் வாடகை கொடுத்து அலுத்துப்போய், மூன்று சென்ட்டோ நாலு சென்ட்டோ வாங்கி ஒரு வீடு கட்டிவிடலாம் என்று பார்க்கிறார்கள். நகையை வைத்தோ விற்றோ அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். மீதிக்கு வங்கிதான்.

வங்கியில் சம்பளச் சீட்டு பார்ப்பார்கள், சிபில் ஸ்கோர் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மேனேஜர் கடைசியாக ஒன்று சொல்வார்: “லீகல் வந்துடட்டும் சார், போட்டுடலாம்.” அந்த லீகலை எழுதித் தருகிறவர் வங்கியின் பேனல் வக்கீல். இந்த நிலம் விற்கிறவருடையதுதானா, இதை அடமானமாக எடுத்தால் நாளைக்கு நிற்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கு நாலைந்து பக்கத்தில் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஒரு குடும்பத்தின் இருபது வருட உழைப்பு அந்தக் கையெழுத்தின் மேல்தான் உட்காருகிறது. அந்த மனிதரைப் பற்றியும் அவர் தொழிலைப் பற்றியும் நாம் பேசுவதே இல்லை.

பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து நம்முடையது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை. உரிமைக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி, விற்பவர் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்றது. அதன் முதல் பகுதி பதிவுச் சட்டத்துக்கே முரணானது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் இந்த இடத்தை டைட்டில் இன்ஷூரன்ஸ் நிரப்புகிறது. நம் ஊரில் தனி வீடு வாங்குகிறவர் வரை அது வந்து சேரவில்லை. ஆக, பத்திரத்தைப் படித்துத் தப்பைக் கண்டுபிடிக்கக் கடைசியாக இருக்கும் ஆள் அந்த வக்கீல்தான்.

ஒரு ஃபைலைப் பிரித்தால்

வீட்டுக் கடன் ஃபைல் ஒன்றில் மேலாக இருப்பது இப்போதைய கிரயப் பத்திரம். அடியில் தாய்ப்பத்திரம். நடுவில் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், பவர் என்று கை மாறிய கதை முழுவதும் இருக்கும். அதோடு முப்பது வருட வில்லங்கச் சான்று (இ.சி.), பட்டா, புலப்படம், அ-பதிவேட்டு நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது.

தேர்ந்த வக்கீல் பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். சொத்து விவரம் இருப்பது அங்கேதான். ‘இந்த நான்கு மாலுக்குட்பட்ட’ என்று வரும் இடத்தில் பென்சிலை வைப்பார். 1986 பத்திரத்தில் மேற்கு எல்லை ‘வண்டிப்பாதை’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999-இல் கை மாறும்போது அது ‘பாதை’ ஆகிறது. 2014-இல் ‘20 அடி ரோடு’. இடையில் ரோட்டுக்கென்று யாரும் நிலம் எழுதிக் கொடுக்கவில்லை. புலப்படத்திலும் ரோடு இல்லை. எழுத்தர் கைவண்ணத்தில் பாதை அகலமாகியிருக்கிறது, அவ்வளவுதான். வீடு கட்டி முடித்துக் குடி போன பிறகு பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டால், வண்டி உள்ளே போகாத வீட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பார் நம் ஆள். மூன்று பத்திரங்களையும் வரிசையாக வைத்து எல்லையை மட்டும் படித்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. ‘பாதைக்கு உரிமை எப்படி வந்தது?’ என்று லீகலில் ஒரு வரி எழுதினால் போதும், கடன் அங்கேயே நிற்கும்.

அடுத்து, தாள். முத்திரைத்தாளை விற்றவரின் முத்திரையும் விற்ற தேதியும் அதிலேயே இருக்கும். மே மாதம் எழுதிய பத்திரம் ஜூலையில் விற்ற தாளில் இருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டியதில்லை. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாட்டர்மார்க் பார்ப்பதும், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி அசலோடு வரி வரியாக ஒப்பிடுவதும் சலிப்பூட்டும் வேலைகள். ஆனால் கலர் ஜெராக்ஸை அசல் என்று கொடுத்து ஒரே சொத்தின் மேல் இரண்டு மூன்று வங்கிகளில் கடன் வாங்கும் மோசடிகளுக்கு எதிராக நம்மிடம் இருந்த முதல் ஆயுதம் அதுதான். அந்த மோசடிகளைத் தடுக்கவே 2011-இல் ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவேடு வந்தது. அடமானம் வைத்த சொத்துகளை வங்கிகள் அதில் பதிய வேண்டும். வக்கீல் அதையும் தேடிப் பார்க்கிறார்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அக்கா தங்கைகள் விஷயம். விற்பவரிடம் வக்கீல் கேட்பார்: “உங்க அக்காவுக்குக் கல்யாணம் எந்த வருஷம் ஆச்சு?” நிலத்துக்கும் அக்கா கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் முகம் சுளிப்பார். சம்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று கல்யாணம் ஆகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகன்களைப் போலவே பிறப்புரிமை உண்டு. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம், கல்யாணம் ஆனவர்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல வருடம் நீடித்து, 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில்தான் தீர்ந்தது: இருந்திருக்கத் தேவையில்லை. அதே நேரம், 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் கலைக்காது. ஆகவே 1995-இல் அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினை ஒன்று ஃபைலில் இருந்தால், அக்காவின் கல்யாணத் தேதி அந்தச் சொத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். அப்பா தன் உழைப்பில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்து என்றால் இவ்வளவு ஆராய்ச்சிகூட வேண்டாம். 1956 முதலே மகள்களுக்குச் சம பங்கு. ஆனாலும் ‘பொண்ணுங்களுக்குச் சீர் செஞ்சாச்சு’ என்று சொல்லி மகன்கள் மட்டும் விற்கும் பத்திரங்கள் இன்றும் வருகின்றன. “அவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு விடுதலைப் பத்திரம் வேணும்” என்று லீகலில் எழுதும் வக்கீல், வங்கிப் பணத்தைக் காக்கிறார். யாரும் கேட்காத ஒரு பெண்ணின் பங்கையும் சேர்த்துக் காக்கிறார்.

சமஸ்தானத்து மண்

விராலிமலைப் பக்கம் லீகல் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் சரித்திரமும் தெரிந்திருக்க வேண்டும். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் சமஸ்தானம். விராலிமலை அதன் குளத்தூர் தாலுகாவில் இருந்தது. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த 1888-இல் இனாம் செட்டில்மென்ட் நடந்தது. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் ஊழியத்துக்கும் விட்ட நிலங்கள் இங்கே ஏராளம். இந்த நிலம் ரயத்துவாரியா, இனாமா, கோயில் மானியமா என்று பழைய பதிவேட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கோயில் நிலம் என்றால், அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. முப்பது வருட இ.சி. பளிச்சென்று இருக்கலாம், வில்லங்கம் அதற்கும் முந்தைய தலைமுறையில் கிடக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். மழையை நம்பி, குளங்களையும் கண்மாய்களையும் வைத்துப் பிழைத்த பூமி இது. தூர்ந்துபோன வரத்து வாய்க்கால் இன்று தரிசு மாதிரிதான் தெரியும். அ-பதிவேட்டில் மட்டும் அது நீர்நிலைப் புறம்போக்கு. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்.கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன பிறகு, 2007-இல் தனிச் சட்டமே வந்தது. வீடு கட்டியவருக்கு வங்கி கடன் கொடுத்தது என்பதெல்லாம் அங்கே வாதமாக எடுபடாது.

பட்டா பெயரில் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பில் பெயரும் பரப்பும் மாறிப்போன பட்டாக்களைத் திருத்த இன்னும் தாலுகா ஆபீசுக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

மனைப்பிரிவு வாங்கியவர்களுக்கு 2016 மறக்காத வருடம். அந்த செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மாநிலம் முழுக்கப் பத்திரப் பதிவு ஸ்தம்பித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்று அடுத்த ஆண்டு மே மாதம் விதிகள் வந்தன. சாலையோரம் ‘அப்ரூவ்டு’ என்ற பலகையை நம்பி வாங்கியவர்களில் பலர், அந்த அங்கீகாரம் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தோடு முடிந்ததா, நகர ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. வரை போனதா என்று அப்போதுதான் கேட்கத் தொடங்கினார்கள். ஒழுங்காக லீகல் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை முன்பே கேட்டிருந்தார்கள்.

தப்பானால் யார் பொறுப்பு?

ஐதராபாத் நாராயணகுடாவில் விஜயா வங்கிக் கிளை ஒன்று. 22 பேருக்குக் கொடுத்த வீட்டுக் கடன்களில் வங்கிக்கு ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் ரூபாய் இழப்பு என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. கிளை அதிகாரிகளோடு, சொத்துகளுக்கு லீகல் கொடுத்த பேனல் வக்கீல் நாராயண ராவையும் சதிக் குற்றச்சாட்டில் சேர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2012 செப்டம்பர் 21-இல் தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர்கள் நீதிபதிகள் பி.சதாசிவமும் ஜே.எஸ்.கேஹரும். சதாசிவம் ஈரோடு மாவட்டத்துக்காரர். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதியும் ஆனார். வக்கீலின் கருத்து தப்பாகிவிட்டது என்பதற்காக மட்டும் அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, மோசடிக்காரர்களோடு அவர் கைகோத்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், கவனக்குறைவு என்றால் அதற்குத் தொழில்முறை நடவடிக்கை இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. நாராயண ராவ் மீதான வழக்கு நிற்கவில்லை.

தீர்ப்பு நியாயமானது. ஒவ்வொரு தப்பான லீகலுக்கும் ஜெயில் என்றால் நேர்மையான வக்கீல் யாரும் பேனலில் இருக்க மாட்டார். மோசடியில் சம்பந்தப்பட்ட வக்கீல்கள், மதிப்பீட்டாளர்களின் பெயர்களை இந்திய வங்கிகள் சங்கத்துக்குத் தெரிவித்து எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்கும் ஏற்பாடும் உண்டு. வங்கிக்கு இப்படிப் பல பாதுகாப்பு இருக்கிறது. கடன் வாங்கியவருக்கு?

லீகல் கட்டணத்தைக் கட்டுவது அவர்தான். 2024 அக்டோபர் 1 முதல் புதிய வீட்டுக் கடன் ஒவ்வொன்றுக்கும் ‘முக்கியத் தகவல் அறிக்கை’ ஒன்றை வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டி எவ்வளவு, வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு என்பதோடு, வக்கீல் கட்டணம் எவ்வளவு என்பதும் அதில் தெரியும். ஆனால் அந்தக் கட்டணத்துக்கு எழுதிய அறிக்கை வங்கியின் ஃபைலுக்குள் போய்விடுகிறது. வக்கீலுக்குக் கட்சிக்காரர் வங்கி. பணம் கொடுத்தவர் மூன்றாம் மனிதர். லீகல் தப்பாகிவிட்டால் வக்கீல் மேல் நுகர்வோர் நீதிமன்றமும் போக முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் இங்கே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வருகிறேன். லீகல் அறிக்கையின் நகலைக் கடன் வாங்குகிறவருக்குத் தமிழில் தர வேண்டும். கடன் கொடுத்தாலும் தர வேண்டும், மறுத்தால் கட்டாயம் தர வேண்டும். மறுக்கும்போது “லீகல்ல ப்ராப்ளம்மா” என்று மட்டும் கேட்டுத் திரும்பும் பெண்ணுக்கு என்ன ப்ராப்ளம் என்று தெரிவதில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க அவர் கையில் ஒரு காகிதம் இருப்பதில்லை. அதே மனையை வேறொருவர் ரொக்கம் கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறார். வக்கீல் கண்டுபிடித்த உண்மை ஃபைலுக்குள்ளேயே தூங்குகிறது.

இன்னொரு குறையும் இருக்கிறது. 2017-இல் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் தலைமை இடர் அதிகாரிக்கு வியாபார இலக்கு எதுவும் வைக்கக் கூடாது, அவர் வியாபாரப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்றது. 2019-இல் பெரிய நிதி நிறுவனங்களிலும் அப்படி ஒருவர் வேண்டும் என்றது. 2020-இல் தலைமை இணக்க அதிகாரியின் சுதந்திரத்துக்கும் விதி வந்தது. எல்லாம் தலைமை அலுவலகத்தில். கீழே, கிளையில், ‘இந்த மாசத்துக்குள்ள போடணும் சார், சீக்கிரம் குடுங்க’ என்ற அவசரத்துக்கு நடுவில் கையெழுத்துப் போடும் வக்கீலுக்கு அந்தச் சுதந்திரம் எங்கே? அடுத்த ஃபைலும் அந்தக் கிளையிலிருந்துதான் வர வேண்டும். குறை சொல்லிக்கொண்டே இருப்பவருக்கு ஃபைல் குறையும். லீகலுக்கு எந்த வக்கீல் என்பதைக் கிளை மேனேஜர் முடிவு செய்யாமல், மண்டல அலுவலகம் சுழற்சி முறையில் அனுப்பினாலே பாதி அழுத்தம் போய்விடும்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 2008 வீழ்ச்சிக்குப் பிறகு அடமான வீடுகளைப் பறிமுதல் செய்ய வங்கி ஊழியர்கள் ஃபைலைத் திறக்காமலே ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டது 2010-இல் வெளியே வந்தது. ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது, 2012 பிப்ரவரியில். அடமானக் கடனில் இணக்கத்தையும் இடரையும் கவனிப்பது இன்று வக்கீல்களுக்கு ஒரு தொழிலாகவே இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. திருச்சியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐ.பி.பி.எஸ். தேர்வு எழுதிப் பொதுத்துறை வங்கியில் சட்ட அதிகாரி ஆகலாம். வீட்டு வசதி நிதி நிறுவனங்களில் சேரலாம். அவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2019 ஆகஸ்ட் முதல் ரிசர்வ் வங்கியிடம் இருப்பதால் அங்கும் சட்டம் தெரிந்தவர்களுக்கு வேலை கூடியிருக்கிறது. அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம்தான் என்பது போன்ற ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் ஏற்ப ஒப்பந்தங்களைத் திருத்த ஆள் வேண்டும். ஆனால் அ-பதிவேட்டைக் கையில் எடுத்துப் படித்துப் பழகாதவர், மும்பையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இடரை அளக்க முடியாது என்பது என் திடமான எண்ணம்.

வீடு திரும்பும் காகிதம்

கடன் கைக்கு வரும் நாளில் அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைக்கிறோம். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் இந்த வகை அடமானத்தை முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களுக்கு மட்டும் அனுமதித்தது. அறிவிக்கப்பட்ட ஊர்கள் பிறகு சேர்ந்தன. நிலம் எந்தக் கிராமத்தில் இருந்தாலும், பத்திரம் கை மாறுவது அறிவிக்கப்பட்ட ஊரில் நடந்திருக்க வேண்டும். அதைக் கவனிப்பதும் வக்கீல் பாடுதான். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இந்த ஒப்படைப்பு ஆவணத்தையும், அதாவது எம்.ஓ.டி.யையும், கட்டாயம் பதிய வேண்டும்.

தவணை மூன்று மாதம் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிறது. அதை வசூலிக்க வங்கியின் அதிகாரி சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்புவார். அதைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். வீட்டை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது. ஏல அறிவிப்பு வருவதற்குள் முழு பாக்கியையும் கட்டினால்தான் சொத்தை மீட்க முடியும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் வந்த வாரமே ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். வங்கி தொலைத்துவிட்டால் நகல் எடுக்கும் செலவும் அதனுடையது. பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் பலர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எம்.ஓ.டி. பதிவாகியிருக்கிறதே, அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் வங்கி அதிகாரியோடு சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிய வேண்டும். செர்சாயிலும் கடன் தீர்ந்தது என்று ஏற வேண்டும். அதுவரை இ.சி.யில் பழைய கடன் அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டை விற்கப் போனால், வாங்குகிறவரின் வக்கீல் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான்.